ஆயிரத்து நானூற்றைம்பது றாத்தல்

உந்தப் பையை மடியிலை வைச்சுக்கொண்டு இராதையும் தம்பி, மேல்தட்டிலை போடும். கிங்ஸ்ரன் போய்ச்சேர ரெண்டரை மணித்தியாலம். கால் விறைச்சுப்போம். தமிழெண்டு நீர் அம்மாவோட போனிலை கதைக்கேக்கையே கண்டுபிடிச்சிட்டன். படிக்கிறீரோ? நல்லது. என்ர மருமகளும், தங்கச்சியின்ர பிள்ளை, படிச்சுக்கொண்டுதான் இருந்தவள். ரெண்டாம் வருசம். ஆரணி எண்டு பேர்.

நான் பஸ்ஸிலை போற ஆள் இல்லை. கார் இருக்கு. என்ர மனுசி கார்த் திறப்பை எடுத்து ஒளிச்சுப்போட்டா. போகாதேங்கோ, அங்கை உங்களை ஆரும் தேடேல்லை எண்டு சொல்லுறா. தங்கச்சி வீட்டுக்குப் போறதைத் தடுக்க இவ ஆர்? அதுதான் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஏறியிட்டன்.

நான் வேலை செய்யிறது ஹிட்ச் பூட்டுற இடத்திலை. விளங்குதே? பிக்கப் வண்டிக்குப் பின்னாலை ட்ரெயிலர் கொளுவுறதுக்கு ஒரு இரும்பும் பந்தும் பூட்டுவினம், அது. பதினெட்டு வருசம். படகு இழுக்கிறவன், குதிரை இழுக்கிறவன், வீடு மாதிரிக் கட்டில், குசினி எல்லாம் உள்ளுக்கை வைச்ச ட்ரெயிலர் இழுக்கிறவன், எல்லாரும் என்னட்டைத்தான் வருவினம். வெள்ளைக்காரன் தொப்பியைக் கழட்டிப்போட்டு நிண்டு கேப்பான், குகன், என்ர வண்டிக்கு இது காணுமோ, போதுமோ எண்டு. நான் சொன்னால் அவ்வளவுதான். காணாதெண்டால் விட்டிட்டுப் போவான். பதினெட்டு வருசத்திலை நான் பூட்டின ஒண்டும் கழண்டதில்லை. ஒண்டும்.

எங்கட மச்சான், தங்கச்சி நளாயினியின்ர மனுசன், அவர் மட்டும் கேக்கமாட்டார். பேரின்பநாதன் எண்டு பேர், எல்லாருக்கும் மாஸ்ரர். இஞ்சை உயர்பள்ளியிலை கணிதம் படிப்பிக்கிறவர். கெட்ட மனுசன் எண்டு நான் சொல்லமாட்டன். குடி இல்லை, ஒண்டும் இல்லை. தங்கச்சியை வடிவாத்தான் வைச்சிருந்தவர். ஆனால் அவருக்கு எல்லாம் தெரியும். தெரியாததை இன்டர்நெற்றிலை பாத்துத் தெரிஞ்சுகொள்ளுவார்.

ஒருநாள் தங்கச்சி வீட்டிலை விருந்து. மாஸ்ரரோட படிப்பிக்கிற ஆக்கள் ஆறேழு பேர் வந்து நிக்கினம். இவர் குளிர்கால ரயரைப் பற்றிப் பெரிய விளக்கம் குடுத்துக்கொண்டு நிக்கிறார். முழுக்கப் பிழை. நான், மச்சான், அது அப்பிடியில்லை எண்டு சொல்லத் தொடங்கினன். அவ்வளவுதான். ஒரு சிரிப்புச் சிரிச்சுப்போட்டு, எல்லாருக்கும் முன்னாலை, "குகன், நான் கேக்கேக்கை நீர் சொன்னால் காணும்" எண்டார். அந்த ஆக்களும் சிரிச்சினம். ஆரணி அப்ப சின்னப் பிள்ளை, ஓடிவந்து என்ர கையைப் பிடிச்சவள்.

அண்டைக்கு முடிவெடுத்தன். சரி. நீங்கள் கேக்கேக்கை சொல்லுறன். கேக்காமல் ஒரு சொல்லுச் சொல்லமாட்டன். ஒன்பது வருசம் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அவரின்ர வீட்டுக் கூரை ஒழுகப்போகுது எண்டு தெரியும், சொல்லேல்லை. ஒழுகினது. நான் ஒரு சொல்லிலை நிண்டால் நிக்கிற ஆள், தம்பி. உமக்கும் அது நல்லது.

போன வருசம் ஆனி மாதம் மாஸ்ரர் ஒரு பிக்கப் வாங்கினார். ரெண்டு கிழமையாலை ஒரு ட்ரெயிலர். முப்பதடி. உள்ளுக்கை ரெண்டு கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம். ஆரணி பல்கலைக்கழகம் போனாப் பிறகு வீட்டை நிக்கிறதில்லை எண்டு நளாவுக்குக் கவலை. கோடையிலை மூண்டு பேருமாக் குளக்கரை வழிய தங்கித் திரிவம் எண்டு மாஸ்ரர் யோசிச்சிருக்கிறார். நல்ல யோசனைதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லையே.

ஹிட்ச் பூட்ட என்னட்டைத்தான் கொண்டுவந்தவர். நளா சொல்லியிருப்பாள், அண்ணா இருக்கேக்கை வேறை ஆரட்டைப் போறது எண்டு. வந்து இறங்கி, கையிலை ஒரு விளம்பரப் புத்தகம். "ஒன்பதினாயிரம் றாத்தல் இழுக்கும் எண்டு போட்டிருக்கு குகன். ட்ரெயிலர் சாமான் எல்லாத்தோடையும் எண்ணாயிரம்தான் வரும். ஆயிரம் மிச்சம் இருக்கு. நீர் பந்தைப் பூட்டிவிடும்."

கேட்டீரோ? பூட்டிவிடும். சரியோ எண்டு கேக்கேல்லை. காணுமோ எண்டு கேக்கேல்லை.

இப்ப உமக்குச் சொல்லுறன், கவனமாக் கேளும், நாளைக்கு உமக்கும் உதவும். இழுக்கிற பலம் வேறை. சுமக்கிற பலம் வேறை. எல்லாரும் இழுக்கிறதைத்தான் பாக்கிறது. ட்ரெயிலர் சும்மா பின்னாலை உருண்டு வாறதில்லை, அதின்ர மூக்கு வந்து பிக்கப்பின்ர முதுகிலை குந்தும். நூறுக்குப் பன்னிரண்டு பதின்மூண்டு பங்கு பாரம் அப்பிடிக் குந்தும். அதைச் சுமக்கக் காணுமோ எண்டுதான் பாக்கவேணும். அது விளம்பரப் புத்தகத்திலை இல்லை. சாரதிக் கதவைத் திறந்தால் தூணிலை ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதிலை இருக்கு. ஆக்களும் சாமானும் சேந்து இவ்வளவுக்கு மேலை ஏத்தக்கூடாது எண்டு.

நான் வண்டியை உள்ளுக்கை எடுக்கக் கதவைத் திறக்கிறன், கண் தானாப் போகும். ஆயிரத்து நானூற்றைம்பது றாத்தல். மனதுக்குள்ளை கூட்டினன். ட்ரெயிலர் மூக்கு ஆயிரத்து நாற்பது. ஹிட்ச் இரும்பு எண்பது. மூண்டு பேர், நானூற்றெண்பது எண்டு வையும். பின் பெட்டியிலை ஜெனரேற்றர், ஐஸ் பெட்டி, அடுப்பு, கதிரையள், ஒரு முன்னூறு. ஆயிரத்துத் தொளாயிரம். நானூற்றைம்பது கூட. வண்டியின்ர பின்பக்கம் குந்தும், முன்பக்கம் கிளம்பும். முன்சில்லு றோட்டை வடிவாப் பிடியாது. பாரத்தைப் பிரிச்சு முன்சில்லுக்கும் குடுக்கிற கம்பி ரெண்டு இருக்கு, அதைப் பூட்டினால் ஆட்டம் குறையும். அதையும் அவர் கேக்கேல்லை. பூட்டினாலும் அந்த வண்டிக்கு அந்த ட்ரெயிலர் கூடாது. முக்கால் தொன் எண்டு சொல்லுற அடுத்த பெரிய வண்டி வேணும். பத்து நிமிசத்திலை எனக்கு எல்லாம் தெரியும்.

பந்தைப் பூட்டினன். வடிவாப் பூட்டினன். எல்லா நட்டையும் ரெண்டுதரம் இறுக்கிப் பாத்தன். "சரி மச்சான்" எண்டன். "தாங்ஸ் குகன்" எண்டிட்டுப் போனார்.

ஏன் முகத்தைச் சுருக்கிறீர்? முழுக்கக் கேளும்.

ஆவணி தொடக்கத்திலை மூண்டு நாள் லீவு வருமெல்லே. வெள்ளிக்கிழமை காலமை வெளிக்கிடுகினம். நளா போன் எடுத்தவள், அண்ணா ஒருக்கால் வந்து கொளுவித் தா எண்டு. போனன். கொளுவினன். மூக்கை இறக்கினவுடனை பிக்கப்பின்ர பின்பக்கம் பொத்தெண்டு குந்திச்சுது. முன் லைட் ரெண்டும் எதிர்வீட்டு மரத்தைப் பாக்குது. ஆரும் காணலாம். கணித மாஸ்ரர் பக்கத்திலை நிண்டு கமராவாலை படம் எடுக்கிறார்.

நளா கேட்டவள். "அண்ணா, எல்லாம் சரிதானே?"

"கொளுவினது சரி" எண்டன்.

நான் பொய் சொல்லேல்லை. அவள் கேட்டது என்னட்டை. ஆனால் வண்டி அவரின்ர வண்டி. கேக்கவேண்டிய ஆள் கேக்கவேணும்.

ஆரணி ஓடிவந்து கட்டிப்பிடிச்சாள். "மாமா, நீங்களும் வாங்கோவன். ஒரு கட்டில் சும்மாதானே கிடக்கு." நான் சொன்னன், "நானும் ஏறினால் பாரம் கூடிப்போம் பிள்ளை." அவள் என்ர வயித்தைத் தட்டிச் சிரிச்சாள், "அது மெய்தான் மாமா" எண்டு. எல்லாரும் சிரிச்சம். மாஸ்ரரும் சிரிச்சவர்.

பதினொண்டே முக்கால் போலை, வேலையிலை எனக்குச் சாப்பாட்டு நேரம், போன் அடிக்குது. ஆரணி. பெற்றோல் அடிக்க நிப்பாட்டினவையாம். மெதுவாக் கதைக்கிறாள்.

"மாமா, அப்பா உள்ளுக்கை நிக்கிறார். பின்னாலை ட்ரெயிலர் ஆட்டுது மாமா. பெரிய லொறி கடந்து போனால் எங்கட வண்டியையும் சேத்து இழுக்குது. அம்மா சரியாப் பயப்பிடுறா. அப்பா காத்தெண்டு சொல்லுறார். என்ன செய்யிறது?"

நான் கேட்டன், "அப்பா என்னட்டைக் கேக்கச் சொன்னவரோ?"

"இல்லை மாமா. நான்தான் எடுத்தனான்."

"அப்ப அப்பாவைக் கேக்கச் சொல்லு."

"மாமா, ப்ளீஸ். உங்களுக்குத் தெரியும்தானே."

"எனக்குத் தெரியும். அப்பா கேட்டால் சொல்லுறன். போனை அவரட்டைக் குடு."

இதிலை என்ன பிழை, சொல்லும் பாப்பம்? நான் மாட்டன் எண்டனோ? லைனை வெட்டினனோ? காத்துக்கொண்டு நிண்டன். அவள் போனைக் கொண்டு கடைக்குள்ளை ஓடுற சத்தம் கேக்குது. கதவு மணி கேக்குது. "அப்பா, மாமா லைனிலை. ஒருக்கால் கதையுங்கோ." அவரின்ர குரலும் கேட்டது. "இப்ப வேண்டாம் பிள்ளை, நேரம் போகுது. பேந்து எடுக்கிறன் எண்டு சொல்லு."

பேந்து. ஒன்பது வருசம் பொறுத்தவனுக்குப் பேந்து.

பிள்ளை திரும்பி வந்தாள். "அப்பா பேந்து எடுப்பாராம் மாமா. சரி, வைக்கட்டோ? லவ் யூ மாமா." நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டு மிச்சச் சோத்தைச் சாப்பிட்டன். கத்தரிக்காய்க் கறி. ஏனெண்டு தெரியேல்லை, அது மட்டும் ஞாபகம் நிக்குது.

அந்தா, அந்த மேம்பாலத்தைப் பாரும். அதுக்கு அங்காலை, வலப்பக்கம். பள்ளம் தெரியுதே? இப்பப் புல்லு வளந்திட்டுது. தாண்டிப் போட்டுது, பஸ்காரன் கெதியா ஓடுறான். அதிலைதான்.

பன்னிரண்டரைக்கு. ஒரு பெரிய லொறி கடந்து போயிருக்கு. ட்ரெயிலர் ஒருபக்கம் இழுத்து, மற்றப்பக்கம் இழுத்து, ஒவ்வொருக்காலும் முந்தினதிலும் கூட. பின்னாலை வந்த வண்டியிலை கமரா இருந்தது, பொலிஸ் காட்டினவங்கள். வால் நாயை ஆட்டின மாதிரி. மாஸ்ரர் பயத்திலை கால் பிறேக்கை அமத்திப்போட்டார். அதோட சரி. ட்ரெயிலர் மடிஞ்சு பிக்கப்பைப் பக்கவாட்டிலை தூக்கிப் பள்ளத்துக்கை போட்டிட்டுது. ரெண்டுதரம் உருண்டது. ஆரணி இருந்த பக்கம் கூரை உள்ளுக்கை அமுங்கிப்போட்டுது. அந்த இடத்திலையே. மாஸ்ரருக்குத் தோள்மூட்டு. நளாவுக்கு ரெண்டு விலா எலும்பும் முகத்திலை ஒரு வெட்டும்.

ஹிட்ச் கழரேல்லை, தம்பி. பொலிஸ்காரன் அறிக்கையிலை எழுதியிருக்கிறான். இவ்வளவு உருண்டும் கொளுவி கொளுவினபடி கிடந்ததாம். என்ர முதலாளி அதை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினவர்.

செத்தவீட்டிலை முன்னுக்கு நிண்டு செய்ததெல்லாம் நான்தான். தாய்மாமன் வேறை ஆர்? பெட்டிக்குக் கிட்ட மாஸ்ரர் கதிரையிலை இருக்கிறார், ஒரு கை கட்டுப் போட்டபடி. வந்த ஆக்களெல்லாம் அவரைப் பாத்து, காத்துத்தான் மாஸ்ரர், விதிதான் மாஸ்ரர் எண்டு சொல்லுகினம். நான் பின்னாலை நிண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறன். ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை. கேட்டால் காத்தில்லை எண்டு சொல்லியிருப்பன்.

முப்பத்தொண்டாம் நாள் சடங்கு முடிஞ்சு நாலாம் நாள், பின்னேரம், ரெண்டு பேரும் என்ர வீட்டை வந்தினம். நான் கலியாணம் கட்டி அந்த வீட்டுக்கு வந்து இவ்வளவு வருசத்திலை மாஸ்ரர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது அதுதான் முதல்தரம். குசினி மேசையிலை இருந்தினம். மனுசி தேத்தண்ணி வைக்கிறா. நளா கைப்பையிலையிருந்து ஆரணியின்ர போனை எடுத்து மேசையிலை வைச்சாள். பொலிஸ் அப்பத்தான் திருப்பிக் குடுத்ததாம். கண்ணாடி வெடிச்சிருந்தது, ஆனால் வேலை செய்யுது.

"கடைசியா உனக்குத்தான் எடுத்திருக்கிறாள் அண்ணா. நாலு நிமிசம் பத்து செக்கன். என்ன கதைச்சவள்?"

நான் சொன்னன். சொல்லுக்குச் சொல்லு. இப்ப உமக்குச் சொன்ன மாதிரித்தான். வேறை ஆரும் எண்டால் ரெண்டு நல்ல கதையைச் சேத்துச் சொல்லியிருப்பினம். எனக்கு அப்பிடித் தெரியாது. லவ் யூ எண்டு சொன்னதையும் சொன்னன். நளா அதை மட்டும் திருப்பிச் சொல்லச் சொன்னாள். திருப்பிச் சொன்னன்.

மாஸ்ரர் போனிலை வெடிச்ச கண்ணாடியை விரலாலை தடவினார். பேந்து என்னை நிமிந்து பாத்தார். கண் ரெண்டும் சிவந்து, சவரம் செய்யாமல், அந்த மனுசனை நான் அப்பிடிப் பாத்ததில்லை.

"குகன், சொல்லும். அந்த வண்டி அதைத் தாங்குமோ, தாங்காதோ?"

தம்பி, உமக்கு வயது காணாது, எண்டாலும் விளங்கும். ஒன்பது வருசத்துக்குப் பிறகு அந்த மனுசன் என்னைக் கேக்கிறார். எனக்கு நெஞ்சுக்குள்ளை ஏதோ இளகின மாதிரி. நான் ஒரு பேப்பரும் பேனையும் எடுத்தன். பக்கத்திலை கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து, ஆறுதலா, ஒவ்வொண்டா எழுதிக் காட்டினன். இது மூக்குப் பாரம். இது ஆக்கள். இது சாமான். கூட்டினால் ஆயிரத்துத் தொளாயிரம். கதவிலை போட்டிருந்தது ஆயிரத்து நானூற்றைம்பது. கணித மாஸ்ரருக்கு நான் கூட்டல் படிப்பிச்சன். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முழங்காலிலை கையை வைச்சுக்கொண்டு கேட்டார். ஒரு இடத்திலையும் குறுக்கை பேசேல்லை.

"உமக்கு இது எப்பத் தெரியும்?" எண்டார்.

"ஹிட்ச் பூட்ட முந்தியே தெரியும் மச்சான்" எண்டன்.

அவர் தலையைக் குனிஞ்சார். அழேல்லை. அந்தப் பேப்பரை எடுத்து மடிச்சுச் சட்டைப் பொக்கற்றுக்கை வைச்சார். நான் நினைச்சன், இனியாவது நானும் அவரும் மனம் திறந்து கதைக்கலாம் எண்டு.

நளாதான் கேட்டாள். "ஆட்டம் தொடங்கினால் என்ன செய்யவேணும் அண்ணா?"

"கால் பிறேக்கைத் தொடக்கூடாது. அக்சிலறேற்றரை மெல்லமா விடவேணும். ட்ரெயிலருக்குத் தனிப் பிறேக் இருக்கு, ஸ்ரியறிங்குக்குக் கிட்ட ஒரு சின்னப் பெட்டி. அதைக் கையாலை அமத்தினால் ட்ரெயிலர் நேராகும். அதோட எண்பதுக்கு மேலை ஓடக்கூடாது. அவ்வளவுதான்."

"இதைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்?"

நான் யோசிச்சுப் பாத்துச் சொன்னன். "ஒரு பத்து செக்கன்."

மனுசியின்ர கையிலையிருந்த தேத்தண்ணிக் கோப்பை விழுந்து உடைஞ்சது. நளா எழும்பினாள். போனை எடுத்துப் பையிலை வைச்சாள். மாஸ்ரருக்கு ஒரு கை ஏலாதெல்லே, அவரின்ர ஜக்கெற்றை அவளே போட்டுவிட்டு, பொத்தானையும் பூட்டிவிட்டாள். வாசலிலை நிண்டு என்னைப் பாத்தாள்.

"இவருக்குத் தெரியாது அண்ணா" எண்டாள்.

இதிலை என்ன நியாயம் எண்டு எனக்கு இண்டை வரைக்கும் விளங்கேல்லை. வண்டி ஓட்டினது ஆர்? பிறேக் அடிச்சது ஆர்? பேந்து எடுக்கிறன் எண்டது ஆர்? தெரியாமல் செய்தவன் நல்லவனாம். எல்லாம் தெரிஞ்சவன், ஒண்டும் செய்யாதவன், அவன் கூடாதவனாம். வீட்டையும் வித்துக் கிங்ஸ்ரனுக்குப் போயிட்டினம், எனக்குச் சொல்லேல்லை. ஆரோ சொல்லித்தான் தெரியும். மாஸ்ரர் இப்பப் படிப்பிக்கிறதில்லையாம். கூட்டல் கணக்குப் போட ஏலாதாம். அவருக்காக நான் கவலைப்படுறன், மெய்யாத்தான். என்ர மனுசியும் அண்டைக்குத் தொடங்கி மேல்மாடியிலை ஆரணி வந்தால் படுக்கிற அறையிலைதான் படுக்கிறா. சாப்பாடு வைப்பா. கதைக்கமாட்டா. கதைச்சது இண்டைக்குத்தான், போகாதேங்கோ எண்டு.

நாளைக்குப் பிள்ளையின்ர ஆட்டைத்திவசம். வருசம் ஒண்டு ஆச்சுது. அழைப்பு வரேல்லைத்தான். நீர் அப்பிடிப் பாக்காதையும். தாய்மாமன் இல்லாமல் என்ன திவசம்? இண்டைக்குப் போனால்தான் காலமைக்கு உதவியா நிக்கலாம். கதவைத் திறக்கமாட்டினம் எண்டு மனுசி சொல்லுறா. திறக்காட்டில் வாசலிலை நிக்கிறன். சொந்தத் தங்கச்சி. ரெத்த உறவுக்குள்ளை ஒரு அந்தரம் ஆபத்தெண்டால், கேக்கட்டும், பேந்து பாப்பம் எண்டு ஆரும் இருக்கிறதே, தம்பி?

பஸ் உந்த நிப்பாட்டுற இடத்திலை இறங்கப்போறீரோ? நீர் கிங்ஸ்ரன் வரைக்கும் எண்டெல்லே சொன்னனீர்.